கல்லில் பெயர் இல்லாதவர்களுக்காக... ஸ்ரீபெரும்புதூர் முதல் கிர்க்கி வரை ஒரு பைக் பாதை!

ஒரகடம் கூட்டு ரோட்டில் காலை ஐந்தே முக்காலுக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காதில் ஹெட்போன் என முதல் ஷிஃப்ட்டுக்குப் போகும் இளைஞர்கள் ஒரு பக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறவர்கள் இன்னொரு பக்கம். தர்மபுரி, விழுப்புரம், தேனி என்று தொடங்கி ஒடிசா, பீகார் வரை அத்தனை ஊர்க்காரர்களும் இந்த ஒரே டீக்கடையில் கிளாஸ் ஏந்தி நிற்கிறார்கள்.

அந்த பஸ்கள் போய் நிற்கும் கம்பெனி வாசல்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். பல வாசல்களில் காவலுக்கு நிற்பவர்கள் முன்னாள் ராணுவத்தினர். விறைத்த முதுகு, ஒதுக்கி விட்ட மீசை, பாலிஷ் மங்காத ஷூ. பார்த்த உடனே தெரிந்துவிடும். பதினைந்து, இருபது வருடம் எல்லையில் நின்றவர்கள், இன்று வண்டி எண் குறித்துக்கொண்டு கேட் திறக்கிறார்கள். அவர்கள் திறக்கும் கேட்டுகளில் சில வழியாகத்தான் உலகம் முழுக்க ஓடும் புல்லட்டுகள் வெளியே போகின்றன.

பைக்கும் படைவீரரும் சந்திக்கும் இடம் இது. இங்கிருந்து கிளம்பும் ஒரு சாலை, போரில் உடம்பை இழந்தவர்களின் வாசல் வரை போகிறது. அந்தச் சாலையின் கதைதான் இது.

ஏரிக்கரையில் எழுந்த எந்திர ஊர்

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 25 கிலோமீட்டர். முப்பது வருடங்களுக்கு முன்பு இந்தப் பாதையில் ஏரியும் வயலும் பனைமரமும்தான் கண்ணில் பட்டிருக்கும். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010-ல் ரெனோ-நிஸானும் அப்போலோ டயர்ஸும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கின. 2012-ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் வந்தன. 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறந்தது. 2017-ல் பக்கத்தில் இருக்கும் வல்லம் வடகாலில் இன்னொன்று. கார், லாரி, பைக், டயர், கண்ணாடி என்று ஒரு வண்டிக்கு வேண்டிய எல்லாமே இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடைத்துவிடும்.

ஆனால் ஊர் நேற்று பிறந்ததல்ல. ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் அவதரித்த தலம். 1017-ல் அவர் பிறந்ததாகச் சொல்கிறார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவருடைய திருமேனியை ‘தானுகந்த திருமேனி’ என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே வல்லக்கோட்டையில் ஏழடி உயர முருகன் நின்ற கோலத்தில் இருக்கிறார். அருணகிரிநாதர் பாடிய தலம். ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது, கற்கால மனிதர்கள் செய்த கல் கருவிகள் கிடைத்தன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் கைத்தொழில் நடந்திருக்கிறது!

புல்லட்டும் பட்டாளமும்

ராயல் என்ஃபீல்டின் பிறப்பிலேயே துப்பாக்கி வாசனை உண்டு. இங்கிலாந்தின் என்ஃபீல்டு நகரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்ததால்தான் அந்தப் பெயர். ‘துப்பாக்கி போலச் செய்யப்பட்டது’ என்பதுதான் கம்பெனியின் பழைய விளம்பர வாசகம். இரண்டாம் உலகப் போரில், பாராசூட்டில் கட்டி இறக்கும் அளவுக்கு எடை குறைந்த ‘ஃபிளையிங் ஃப்ளீ’ என்ற பைக்கை இந்த நிறுவனம் செய்தது.

இந்தியாவுக்கு புல்லட் வந்ததும் பட்டாளத்தின் புண்ணியத்தில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் ரோந்து போக உறுதியான பைக் தேவைப்பட்டது. ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இறக்குமதி செய்து கொடுத்தது சென்னையின் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’. ஆர்டர் பெருகவே, இங்கேயே தயாரித்துவிடலாம் என்று 1955-ல் ‘என்ஃபீல்டு இந்தியா’ தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டும், திருவொற்றியூரில் புல்லட்டின் ‘டப் டப்’ சத்தம் நிற்கவே இல்லை. அதன் வாரிசுகள்தான் ஒரகடமும் வல்லம் வடகாலும்.

மாதாமாதம் ஆயிரக்கணக்கான பைக்குகள் பிறக்கும் இந்த ஊரில், பைக் பயணத்துக்கு ஒரு நல்ல காரணம் தேடினால் கண்ணெதிரே இருக்கிறது. கேட்டில் நிற்கும் அந்த முன்னாள் வீரர் நல்லபடியாகத் திரும்பி வந்தவர். அவரோடு போய், முழுதாகத் திரும்பாதவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

மூன்று முனையிலிருந்து கிளம்பிய பைக்குகள்

கார்கில் போரின் 25-ம் ஆண்டை ஒட்டி, 2024 ஜூன் 12-ம் தேதி நாட்டின் மூன்று முனைகளில் இருந்து ராணுவத்தின் பைக் அணிகள் கிளம்பின. கிழக்கே அஸ்ஸாமின் தின்ஜான், மேற்கே குஜராத்தின் துவாரகா, தெற்கே நம் தனுஷ்கோடி. ஒவ்வோர் அணியிலும் எட்டு பைக்குகள். மூன்று அணிகளும் டெல்லியில் சேர்ந்து, அங்கிருந்து கார்கில் போர் நடந்த திராஸுக்குச் சென்றன. தின்ஜான், துவாரகா, தனுஷ்கோடி, டெல்லி, திராஸ் என ஆங்கில எழுத்து ‘டி’யில் தொடங்கும் ஐந்து ஊர்கள் என்பதால் ‘டி5’ என்று பெயர் வைத்தார்கள். தனுஷ்கோடி அணி மதுரை, கோவை, பெங்களூரு வழியாகப் போனது. வழியில் போர் நினைவிடங்களில் அஞ்சலி செலுத்தி, முன்னாள் வீரர்களையும் வீரமரணம் அடைந்தவர்களின் மனைவிமார்களையும் சந்தித்தார்கள்.

அது நிதி திரட்டும் பயணம் அல்ல, நினைவுகூரும் பயணம். உலகத்தில் இரண்டு வகையும் உண்டு. அமெரிக்காவில் ‘ரோலிங் தண்டர்’ என்ற பெயரில் 1988 முதல் 2019 வரை வருடாவருடம் மே மாதம் வாஷிங்டன் நகரத்துக்குள் பைக்குகள் திரண்டன. வியட்நாம் போரில் சிறைப்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் அரசு மறந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்களின் குரல். 2012-ல் சிட்னியில் பிறந்த ‘டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு’ இன்னொரு வகை. கோட்டு, டை அணிந்து பழைய பாணி பைக்குகளில் ஊர்வலம் போய், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் மனநலத்துக்கும் நிதி திரட்டுகிறார்கள்.

நிதி திரட்டும் முறை எளிதானது. பெட்ரோல், சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் ஓட்டுபவர் பாக்கெட்டிலிருந்து. நண்பர்களும் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் ‘நீ ஓட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு’ என்று வாக்கு கொடுப்பார்கள். ஓட்டி முடித்ததும் அந்தப் பணம் நேரே நிதிக் கணக்குக்குப் போய்விடும். ஓட்டுபவர் கைக்கு ஒரு ரூபாயும் வராது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று நூறு பேர் வாக்கு கொடுத்தாலே, ஆயிரம் கிலோமீட்டர் பயணம் ஒரு லட்ச ரூபாய்.

சரி, ஸ்ரீபெரும்புதூரில் இருந்து கிளம்பினால் எங்கே போவது? பதில் ஊர் வாசலிலேயே பச்சைப் பலகையில் எழுதியிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 48. சென்னையில் இருந்து பெங்களூரு, புனே, மும்பை, ஜெய்ப்பூர் வழியாக டெல்லி வரை போகும் சாலை. இதைப் பிடித்து சுமார் 1,150 கிலோமீட்டர் ஓட்டினால் புனே. அந்த நகரத்தின் ஒரு பகுதிதான் கிர்க்கி. ‘காட்கி’ என்றும் சொல்வார்கள். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே, சிலருக்குக் கழுத்துக்குக் கீழேயே, உணர்விழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் அங்கே இயங்குகிறது.

முதல் கல்: ஸ்ரீபெரும்புதூர்

பயணத்தின் முதல் நிறுத்தம் கிளம்பிய ஊரிலேயே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட இடம். அவரோடு காவல்துறையினர், கட்சிக்காரர்கள், பொதுமக்கள் எனப் பலர் உயிரிழந்தார்கள். மே 21 வந்தால் மாலைகள் குவியும்.

அன்று இரவு அங்கே காயம்பட்டவர்களும் ஏராளம். உடம்பில் குண்டின் சிதறல்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. இறந்தவர்களுக்கு நினைவுநாள் இருக்கிறது. காயத்தோடு வாழ்பவருக்கு எல்லா நாளும் நினைவுநாள்தான், மாலைதான் இல்லை.

இரண்டாவது கல்: வேலூர்

சுங்குவார்சத்திரம் தாண்டி, காஞ்சிபுரம் பிரிவு கடந்து, வாலாஜாபேட்டை வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டரில் வேலூர். 1806-ல் சிப்பாய்கள் புரட்சி செய்த கோட்டை எல்லோருக்கும் தெரியும். கடைவீதியில் நிற்கும் மணிக்கூண்டு அவ்வளவாகத் தெரியாது. அதில் பதித்த கல்வெட்டு, 1914-19 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனதாகவும், அவர்களில் 14 பேர் உயிர்துறந்ததாகவும் சொல்கிறது.

கணக்குப் போட்டால் 263 பேர் திரும்பி வந்திருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் கை கால் இழந்து வந்தார்கள், எத்தனை பேருக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று அந்தக் கல் சொல்லவில்லை. போர்க் கற்கள் எல்லாமே இப்படித்தான். போனவர்களை எண்ணும், இறந்தவர்களை எண்ணும். நடுவில் இருப்பவர்களை விட்டுவிடும்.

ஆனால் நடுவில் இருப்பவர்கள்தான் எப்போதும் அதிகம். கார்கில் போரில் உயிரிழந்த வீரர்கள் 527 பேர். காயம்பட்டவர்கள் 1,363 பேர். ஒருவர் இறந்தால் இரண்டரைப் பேருக்கு மேல் காயத்தோடு வீடு திரும்பினார்கள் என்று கணக்கு.

வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்ற கிராமம் இருக்கிறது. ‘ராணுவப்பேட்டை’ என்று சொன்னால்தான் சுற்று வட்டாரத்தில் சட்டென்று புரியும். தாத்தா, அப்பா, பிள்ளை எனத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். இங்கே லீவில் வந்த பிள்ளையைப் பார்த்து யாரும் ‘எங்கே வேலை?’ என்று கேட்பதில்லை. ‘எந்த ரெஜிமென்ட்?’ என்றுதான் கேட்பார்கள்.

வேலூரை விட்டுக் கிளம்பும் முன் பாகாயம் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். அங்கே சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இருக்கிறது. அதை உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். இளம் டாக்டராக இருந்தபோது, 1954-ல் நடந்த சாலை விபத்தில் அவருடைய இரண்டு கால்களும் செயலிழந்தன. ‘இனி அவ்வளவுதான்’ என்று வீட்டுக்குப் போகவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு, நடக்க முடியாதவர்களுக்கான மருத்துவத்தையே படித்து வந்து, அதற்கென்று தனித்துறை தொடங்கினார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் படைவீரர் அல்ல. ஆனால் கிர்க்கிக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் அவரிடம் இருக்கிறது: முதுகுத்தண்டு அடிபட்ட மனிதருக்குப் பரிதாபம் உதவாது, பயிற்சியும் வேலையும்தான் உதவும்.

பிரியாணி, தோசை, பேடா... நடுவே தம்பிகள்

ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் போக முடியாது. அரை வயிறு போதும். முழு வயிறு சாப்பிட்டால் கிருஷ்ணகிரி வருவதற்குள் கண் சொக்கும். ஓசூரில் தமிழ்நாடு முடிகிறது. அதுவும் வண்டி செய்யும் ஊர்தான். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் இரண்டும் அங்கே இருக்கின்றன.

பெங்களூருவில் ஒரு இரவு தங்கலாம். அல்சூர் ஏரியைச் சுற்றி ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ எனப்படும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் இருக்கிறது. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் ‘தம்பி’. வடக்கே எந்த முகாமுக்குப் போனாலும் மெட்ராஸ் சாப்பரை ‘தம்பி’ என்று கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தோண்டி எடுப்பது எல்லாம் பொறியாளர் படைகளின் வேலை. போர் நடக்காத காலத்திலும் கால் போகக்கூடிய வேலை அது. 2001-02-ல் பாகிஸ்தான் எல்லையில் படைகள் குவிக்கப்பட்டபோது போரே நடக்கவில்லை. ஆனாலும் கண்ணிவெடி புதைக்கும் வேலையிலேயே பல வீரர்கள் உயிரையும் உறுப்புகளையும் இழந்தார்கள்.

பெங்களூரு தாண்டினால் சாலை விரிகிறது. தும்கூர், சித்ரதுர்கா கோட்டை, பிறகு தாவணகெரே. வெண்ணெய் வழியும் ‘பெண்ணெ தோசை’க்கு அங்கே ஒரு நிறுத்தம். தார்வாட்டில் பேடா. பெலகாவியில் குந்தா என்ற பால் இனிப்பு. மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியின் பயிற்சி மையமும் பெலகாவியில்தான். அதிகாலையில் ஊருக்குள் நுழைந்தால், சாலையோரம் ஓட்டப் பயிற்சியில் இளம் வீரர்களைப் பார்க்கலாம். அத்தனை கால்களும் ஒரே தாளத்தில்!

மூன்றாவது கல்: அப்ஷிங்கே

கோலாப்பூர் தாண்டியதும் பேட் என்ற ஊரின் பிரிவு வருகிறது. முரளிகாந்த் பேட்கர் பிறந்த மண். ராணுவத்தில் சேர்ந்து குத்துச்சண்டை வீரராகப் பெயர் வாங்கியவர். 1965 போரில் அவர் உடம்பில் குண்டுகள் பாய்ந்தன. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காக நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். அவர் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார். 1972-ல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான்.

அந்தக் கதையில் ஒரு சின்ன விவரம் முக்கியம். வெளிநாடு போக அவருக்குப் பண உதவி செய்தது, கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் நடத்திய தொண்டு அமைப்பு. யாரோ முகம் தெரியாதவர்கள் போட்ட பணம், ஒரு டிக்கெட் ஆகி, ஒரு தங்கப் பதக்கம் ஆனது. இன்னொரு விவரமும் உண்டு. பிறகு புனேயில் டெல்கோ வாகனத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒரகடத்து வாசல்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. காயம்பட்ட வீரருக்கு கேட்டுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் இடம் இருக்கிறது. 2018-ல் பேட்கருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2024-ல் ‘சந்து சாம்பியன்’ என்ற இந்திப் படமாகவும் அவர் கதை வந்தது.

சாத்தாரா அருகே இருக்கும் கிராமத்தின் பெயரே ‘அப்ஷிங்கே மிலிட்டரி’. நம் கம்மவான்பேட்டையின் மராத்தி அண்ணன் என்று சொல்லலாம். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர். முதல் உலகப் போரில் இந்தக் கிராமத்தைச் சேர்ந்த 46 பேர் உயிரிழந்ததைச் சொல்லும் கல் இங்கே இருக்கிறது. மொழி வேறு, சாப்பாடு வேறு. கல் மட்டும் ஒரே மாதிரி. இங்கேயும் காயம்பட்டவர்களின் கணக்கு இல்லை.

இரண்டு ராணுவ கிராமங்களையும் ஒரே நெடுஞ்சாலை இணைக்கிறது. கம்பாட்கி மலைப் பாதையின் சுரங்கத்தைக் கடந்தால், புனே நெருங்கிவிட்டது.

கிர்க்கி: இரண்டு மணி நேரக் கடிகாரம்

காயம்பட்ட வீரர்களோடு புனேவுக்கு உள்ள உறவு நூறாண்டுப் பழையது. முதல் உலகப் போரில் ஊனமுற்ற இந்திய வீரர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க 1917-ல் தொடங்கிய குயின் மேரிஸ் தொழில்நுட்பப் பயிலகம் கிர்க்கியில் இருக்கிறது. செயற்கைக் கை, கால் செய்து பொருத்தும் ராணுவ மையம் 1944-ல் புனேயில் தொடங்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-ல் வந்தது.

முதுகுத்தண்டு அடிபட்டவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் தோல் வெடித்துப் புண்ணாகிவிடும். அதனால் படுக்கையில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும்தான். சிறுநீருக்குக் குழாய். அதில் கிருமித் தொற்று வராமல் காவல். வெயிலில் நின்றால் வியர்க்காத உடம்பு சட்டென்று சூடேறும். காலில் கொதிநீர் பட்டாலும் தெரியாது. இதெல்லாம் ஒரு மாதமோ, ஒரு வருடமோ அல்ல. இருபது வயதில் அடிபட்டவருக்கு ஐம்பது, அறுபது வருடம்.

அந்த ஐம்பது வருடத்தையும் படுத்தே கழிக்க மாட்டோம் என்கிறார்கள் கிர்க்கிக்காரர்கள். சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். கைகளும் செயலிழந்தவர்கள் வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் தீட்டுகிறார்கள். அவர்கள் எல்லோரும் போரில் குண்டடி பட்டவர்கள் அல்ல. பனிமலையில் வழுக்கி விழுந்தவர்கள், பயிற்சியில் அடிபட்டவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் என்று முதுகுத்தண்டு முறியும் வழிகள் பல. காயத்துக்குக் காரணம் பலவாக இருக்கலாம். வலி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ராணுவத்திலேயே பலர் இந்தச் சுவரைத் தாண்டிக் காட்டியிருக்கிறார்கள். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே வெட்டிக்கொண்ட இயன் கார்டோசோ, செயற்கைக் காலோடு ஒரு படைப்பிரிவுக்கே தலைமை ஏற்றார். 1965-ல் காலை இழந்த விஜய் ஓபராய், ராணுவத்தின் துணைத் தளபதி பதவி வரை உயர்ந்து, ஓய்வுக்குப் பிறகு போரில் காயம்பட்டவர்களுக்காக ஓர் அமைப்பையே தொடங்கினார். கார்கில் போரில் இறந்துவிட்டதாக டாக்டர்கள் கைவிட்ட மேஜர் டி.பி.சிங், செயற்கைக் காலோடு மாரத்தான் ஓடினார். 2018-ம் ஆண்டை, பணியில் ஊனமுற்ற வீரர்களுக்கான ஆண்டாக ராணுவம் அறிவித்தது.

ஆனால் எல்லோராலும் மாரத்தான் ஓட முடியாது. ஓட வேண்டிய அவசியமும் இல்லை. பெரும்பாலானோருக்குத் தேவை நல்ல சக்கர நாற்காலி, புண் வராத மெத்தை, ஊரில் வாசற்படிக்குப் பதிலாக ஒரு சரிவுப் பாதை. செய்தியில் வராத, செலவு மட்டும் வரும் தேவைகள். நிதி திரட்டும் பயணங்கள் அதற்குத்தான் வேண்டும்.

பணம் எந்த வழியாகப் போகும்?

நேர்வழி ஒன்று எல்லோர் வீட்டுப் பக்கத்திலும் இருக்கிறது. டிசம்பர் 7. 1949 முதல் வருடாவருடம் கொண்டாடப்படும் படைவீரர் கொடி நாள். பள்ளியில் படிக்கும்போது சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சின்னக் கொடி ஞாபகம் இருக்கிறதா? ஒன்றோ இரண்டோ ரூபாய் உண்டியலில் போட்டிருப்போம். அந்தக் கொடி நாள் நிதியில் இருந்து, முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கான கிர்க்கி, மொகாலி மையங்களுக்கும் உதவி போகிறது. ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் பக்கவாட்டுச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்கவும் மத்திய படைவீரர் வாரியம் உதவுகிறது.

மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நேரிலோ, மத்திய படைவீரர் வாரியத்தின் இணையதளத்திலோ பணம் கட்டலாம். வருமான வரி விலக்கும் உண்டு. பைக் குழுவாகக் கிளம்புகிறவர்கள் தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிப் பணம் சேர்ப்பதைவிட, கொடுப்பவரே நேரே கட்டி ரசீதை மட்டும் அனுப்பச் சொல்வது நல்லது. கணக்குக் கேள்வியே வராது.

கிளம்பும் முன்...

- ஒரகடத்தில் இருந்து கிர்க்கிக்கு நான்கு நாள் வையுங்கள். வேலூர்-பெங்களூரு, தாவணகெரே-ஹூப்ளி, பெலகாவி-கோலாப்பூர், சாத்தாரா-புனே என்று பிரித்துக்கொண்டால் உடம்பு தாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மகாராஷ்டிர மலைப் பகுதியில் மழை கொட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம்.

- ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட். கையுறை, கணுக்கால் மூடும் ஷூ. இரவு ஓட்டம் வேண்டாம்.

- தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரத்தில் இருக்கும் தனி வழியில் போய்விடலாம்.

- கிர்க்கி மையம் ராணுவப் பகுதியில் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். போனால் செல்ஃபியைவிட, உட்கார்ந்து பேசுவதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

- இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, இறங்கி, முதுகை நிமிர்த்துங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உதவக் கிளம்பும் பயணம், அந்த மையத்துக்குப் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துவிடக் கூடாது.

மாலை ஐந்து மணி. வல்லம் வடகால் பக்கம் புது பைக்குகளை ஏற்றிய கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பி நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. கேட்டில் நிற்கும் முன்னாள் வீரர் நேரத்தைக் குறித்துக்கொண்டு கம்பியை இறக்குகிறார். இரண்டு மணி நேரத்தில் அந்த லாரி வேலூர் மணிக்கூண்டு இருக்கும் ஊரைத் தாண்டிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கிர்க்கியில் யாரையோ ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருப்பார்கள்.